சுமையும் தொய்வும்



மட்டக்களப்பு வாவியின் மேலே, கல்லடியிற் பழைய இரும்புப் பாலம் ஒன்று உண்டு. 1924ஆம் ஆண்டில் அமைந்த அப்பாலத்துக்கு அக்காலத் தேசாதிபதியின் துணைவியார் பெயரைச் சூட்டி, லேடி மனிங் பாலம் என வழங்கினர். 2013ஆம் ஆண்டில் அதன் அருகே புதிய பாலம் எழுந்தது. பூரணை இரவுகளிலே பழைய பாலத்தின் அருகில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைச் செவியில் வைத்து, பாடும் மீனின் ஒலியைக் கேட்பது எங்கள் பகுதி மக்களின் நெடுநாள் வழக்கம். மீன் பாடுவதைக் கேட்கப் பாலத்தடிக்குச் சென்ற நாங்கள், பாலம் பேசுவதைக் கேட்க முயன்றதில்லை. பாலமும் பேசும். தன்மேல் ஏறும் ஒவ்வொரு சுமைக்கும் அது சிறிது தாழ்ந்து விடை சொல்லும். அந்தத் தாழ்வையே தொய்வு என்கிறோம். அதனை அளந்தறியும் முறையைப் பற்றியும், அவ்வளவையால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் நானும் கற்றுக்கொண்டதைப் பற்றியுமே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லன். தமிழையும் வரலாற்றையும் பாடங்களாகக் கொண்டு கலைப்பட்டம் பெற்று, ஆசிரியனாகிப் பல ஊர்களிற் கடமையாற்றி, இப்பொழுது படுவான்கரையில் ஓர் அரசினர் பாடசாலைக்கு அதிபராக இருப்பவன். பாலங்களைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை உண்டு என நீங்கள் வினவலாம். ஒரு பிழையைச் செய்தவன், அப்பிழை திருந்திய வரலாற்றைச் சொல்லலாமன்றோ? அந்த உரிமை ஒன்றே எனக்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியை பத்தாந் தர மாணவருக்கு மாதிரிப் பாலப் போட்டியொன்றை ஒழுங்கு செய்தார். தென்னை ஈர்க்கு, மூங்கிற் சிம்பு, பசை, நூல் ஆகிய இவற்றைக் கொண்டே பாலம் அமைத்தல் வேண்டும். இரு மேசைகளுக்கு இடையில் 60 சென்ரிமீற்றர் இடைவெளி. பாலத்தின் நிறை 200 கிராமுக்கு மேற்படலாகாது. வெற்றியை எவ்வாறு தீர்ப்பது என்று ஆசிரியை என்னிடம் கேட்டார். "இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நடுவிலே ஒரு வாளியைத் தொங்கவிட்டு மணலை இடுங்கள். எது கடைசியாக முறிகிறதோ அதற்கே பரிசு" என்றேன். அவ்விதியை வகுத்தவன் நானே.

போட்டி கோலாகலமாக நடந்தது. ஒவ்வொரு பாலமும் முறியும்போது மண்டபம் அதிர்ந்தது. முதற் பரிசு பெற்ற பாலம் 12 கிலோகிராம் மணலைத் தாங்கிய பின்னரே முறிந்தது. நான் பரிசை வழங்கிவிட்டுத் திரும்பும் வேளையில், மூன்றாம் இடம் பெற்ற மாணவி என் முன்னே வந்து நின்றாள்.

"சேர், என் பாலம் ஒன்பது கிலோ ஏறும் வரையும் அசைந்ததே தெரியவில்லை. முதற் பரிசு பெற்ற பாலம் ஐந்து கிலோவிலேயே ஊஞ்சல் போலத் தொங்கிற்று. அப்படி ஒரு பாலத்தின்மேல் நீங்கள் நடந்து போவீர்களா?" என்று கேட்டாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. அவள் பரிசுக்காக வாதாட வரவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கேட்ட கேள்வி சரியானது. நான் வகுத்த விதியே பிழையானது. மக்கள் நடமாடும் பாலத்தை எவரும் முறியும் வரை சுமையேற்றிப் பார்ப்பதில்லை. புதிய பாலத்தைப் பரிசோதிக்கும் பொறியியலாளர், அது நாள்தோறும் தாங்கவேண்டிய சுமைக்குப் பொருந்திய அளவில் வாகனங்களை அதன்மேல் நிறுத்துவர். எவ்வளவு தாழ்ந்தது என்று அளப்பர். கணக்கிட்டுக் கண்ட அளவோடு ஒப்பிடுவர். பின்னர்ச் சுமையை நீக்கி, அது பழைய நிலைக்கு மீண்டதா எனப் பார்ப்பர். தாழ்ந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்னும் இவ்விரு கேள்விகளுமே பரிசோதனையின் உயிர்நாடி. எனது போட்டியில் இவ்விரண்டுக்கும் இடமில்லாமற் போயிற்று.

மறு ஆண்டில் விதியை மாற்றினோம். தொய்வை அளத்தல் என்பது கேட்பதற்கு எளிது. செய்து பார்க்கும்போதே அதன் நுட்பம் புலப்படும். இவ்வுரையைக் கேட்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால், எங்கள் அனுபவத்தைச் சற்று விரித்துக் கூறுகின்றேன்.

முதல் நாள், நிலத்திலிருந்து பாலத்தின் நடுப்பகுதி வரை அடிமட்டத்தை நிறுத்தி உயரத்தை அளந்தனர். சுமை ஏற ஏற உயரம் குறைந்தது. எல்லாப் பாலங்களுமே எதிர்பார்த்ததிலும் மிகுதியாகத் தொய்வன போலத் தோன்றின. ஆசிரியை மேசைகளின் கால்களை உற்று நோக்கினார். ஒரு மேசையின் கால் ஆட்டங் கண்டிருந்தது. பாலத்தின் முனைகள் தங்கிய இடங்களில் ஈர்க்குகள் நசுங்கியும் இருந்தன. பாலம் தொய்ந்ததோடு மேசை இறங்கியதும் முனை நசுங்கியதும் சேர்ந்து ஒரே அளவாக எங்களை ஏமாற்றியிருக்கின்றன. "எதை அளக்கிறோம் என்று நினைக்கிறோமோ, அதைத்தான் அளக்கிறோமா?" என்று ஆசிரியை கேட்டார். வரலாற்று மாணவனாகிய எனக்கு அக்கேள்வி மிகவும் பழக்கமானது. ஒரு சாசனத்தைப் படிக்கும்போதும் அதனையேதான் கேட்கின்றோம்.

பிறகு வேறொரு முறையைக் கைக்கொண்டனர். மேசைமீது தங்கும் இடத்துக்கு நேர் மேலே, பாலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசியைக் குத்தினர். ஓர் ஊசியில் மெல்லிய நூலைக் கட்டி, மற்றதன் மேலாக இழுத்து, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டனர். நூல் எப்பொழுதும் விறைப்பாகவே நிற்கும். பாலத்தின் நடுவிலே மில்லிமீற்றர் அளவு குறித்த கடதாசித் துண்டொன்றை நிமிர்த்தி ஒட்டி, அதன் அருகில் ஒடுங்கிய கண்ணாடித் துண்டொன்றையும் ஒட்டினர். பாலம் தொய்யும்போது அளவுகோல் அதனோடு கீழிறங்கும். நூலோ முனைகளோடு நிற்கும். மேசை இறங்கினாலும் முனை நசுங்கினாலும் நூலும் சேர்ந்தே இறங்குவதால், எஞ்சி நிற்பது பாலத்தின் தொய்வு மாத்திரமே.

கண்ணாடி எதற்கென நீங்கள் கேட்கலாம். கண்ணை மேலே வைத்துப் பார்த்தால் ஓரளவும் கீழே வைத்துப் பார்த்தால் வேறோரளவும் காட்டுவது அளவுகோலின் இயல்பு. நூலும் கண்ணாடியில் விழும் அதன் பிம்பமும் ஒன்றாக மறையும் இடத்திலே கண்ணை வைத்தால், எவர் பார்த்தாலும் அளவு ஒன்றே. உயர்ந்தவனுக்கும் குள்ளனுக்கும் ஒரே விடையைத் தரும் அந்தச் சிறு கண்ணாடித் துண்டின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

சுமையேற்றுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் சிறிது சுமையை ஏற்றி இறக்கி, மூட்டுக்கள் தம்மிடத்தில் அமரச் செய்தல் வேண்டும். பின்னர் வெறும் பாலத்தின் அளவைக் குறித்தல் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கிலோகிராமாக, அதிர்ச்சியின்றி மணலை இடுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் பொறுத்து அளவை எடுத்தல் வேண்டும். பசையும் மூங்கிலும் நேரஞ் செல்லச் செல்ல மேலும் சிறிது இணங்கிக் கொடுப்பவை. ஆதலால் அவசரப்பட்டவனுக்கு ஓர் அளவும் பொறுத்தவனுக்கு வேறோர் அளவும் கிடைக்கும். இடையிடையே சுமை முழுவதையும் இறக்கி, வெறும் பாலத்தின் அளவை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு எடுத்த அளவுகளை வரைபுத்தாளிற் குறித்தபோது, பிள்ளைகள் வியந்தனர். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அணிவகுத்து நின்றன. ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. சுமை எவ்வளவோ, இசைவும் அவ்வளவு என்னும் இந்த உண்மையை 1678ஆம் ஆண்டில் றொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் நூலாக வெளியிட்டார். பௌதிகவியற் பாடத்தில் ஊக்கின் விதி எனப் பிள்ளைகள் மனனஞ் செய்வது இதனையே. மனனஞ் செய்த விதியைத் தம் கையால் ஒட்டிய ஈர்க்குகள் கூறக் கேட்டபோது அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியை நான் கண்டேன்.

வடிவத்தின் வலிமையையும் அவர்கள் கண்டனர். 30 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள மர அடிமட்டத்தைத் தட்டையாக வைத்து நடுவில் அழுத்துங்கள், எளிதில் வளையும். அதனையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள். முன்னையதில் நூறிலொரு பங்கே தொய்யும். மரம் ஒன்றே, நிற்கும் நிலையே வேறு. நீளத்தை இரட்டித்தாலோ, அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்காகும். நம் முன்னோர் வீட்டு வளைகளைப் படுக்கவையாது நிமிர்த்தி வைத்தமை இவ்வறிவினாலேயே.

இனி, என் உரையின் மையமான நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

அவ்வாண்டு ஒரு மாணவன் மிக நேர்த்தியான பாலமொன்றை அமைத்திருந்தான். ஆறு கிலோ வரையும் அவனுடைய புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. ஏழாவது கிலோவை இட்டபோது அளவுகோல் எட்டரை மில்லிமீற்றரைக் காட்டியது. அவன் இரு முறை பார்த்தான். தான் தவறாகப் பார்த்துவிட்டதாக எண்ணினான். நேர்கோட்டில் ஏழு என்றே வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். கொப்பியில் ஏழு என்று எழுதினான். எட்டாவது கிலோவை இட்டான். அடுத்த கணம் பாலம் முறிந்து வாளியோடு நிலத்தில் வீழ்ந்தது.

ஆசிரியை சிதறிய பாலத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார். கீழ்ப்புறத்து மூட்டொன்றில் பசை இழுபட்டு நழுவியிருந்தது. முறிவதற்கு முன்னரே நழுவத் தொடங்கியதற்கான அடையாளம் அது. "ஏழு கிலோவில் உனக்கு ஏழு மில்லிமீற்றர்தான் வந்ததா?" என்று கேட்டார். பையன் தலை குனிந்தான். சிறிது நேரத்தின் பின், "இல்லை ரீச்சர். எட்டரை வந்தது. பிழையாக இருக்கும் என்று நினைத்து மாற்றி எழுதினேன்" என்றான்.

அவர் அவனை ஏசவில்லை. "உன் பாலம் முறியப்போகிறது என்று உனக்கு முன்னரே சொல்லியிருக்கிறது. நீதான் அதன் வாயைப் பொத்திவிட்டாய்" என்று மட்டுஞ் சொன்னார்.

நேயர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பையன் சோம்பலால் அவ்வாறு செய்தானல்லன். சரியான விடை எது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆதலால் கண்டதை விட்டு, காணவேண்டியதை எழுதினான். சரியான விடைக்கே புள்ளி என்று பத்து ஆண்டுகளாக அவனுக்குப் போதித்தவர்கள் யார்? நாங்களே. பரீட்சைக்கு விடை பாடஞ் செய்விக்கும் பள்ளிக்கூடம், கண்டதைக் கண்டவாறு எழுதும் துணிவைப் பிள்ளையிடமிருந்து சிறிது சிறிதாகப் பறித்துவிடுகின்றது.

மேலை நாட்டு வரலாற்றிலே இதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. ஒன்று கண்டதை மதித்ததன் பயன். மற்றது கண்டதை மறைத்ததன் கேடு.

முதலாவது, வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையைக் கடக்கும் பிரித்தானியா பாலம். புகைவண்டி உள்ளே ஓடக்கூடிய பெரும் இரும்புக் குழாய்களாக அதனை அமைக்க றொபேட் ஸ்ரீவன்சன் எண்ணினார். 460 அடி நீளமான அத்தகைய இரும்பு வளையை அதற்கு முன்னர் உலகில் எவரும் கட்டியதில்லை. ஆகவே 1845ஆம் ஆண்டில் வில்லியம் பெயர்பேண் என்பவர் இலண்டனில் உள்ள தமது கப்பற் பட்டறையிலே சிறிய குழாய்களைச் செய்து சுமையேற்றிப் பார்த்தார். கணித அறிஞர் ஈற்றன் ஹொட்ஜ்கின்சன் துணை நின்றார். வட்டக் குழாய், நீள்வட்டக் குழாய், பெட்டி வடிவக் குழாய் என மூவகையும் பரிசோதிக்கப்பட்டன. இழுபடும் அடிப்பக்கமே முதலிற் கிழியும் எனப் பலரும் கருதக்கூடும். ஆனால் மெல்லிய தகட்டாலான குழாய்கள் பல, மேற்பக்கமே கசங்கிச் சுருண்டு பழுதுபட்டன. அவர் அதனை உள்ளவாறே ஏற்று, மேற்பக்கத்தைச் சிறு சிறு அறைகளாக அமைத்து வலுப்படுத்தினார்.

பின்னர் உண்மைப் பாலத்தில் ஆறிலொரு பங்கு அளவில், ஏறக்குறைய 75 அடி நீளமான பெரிய மாதிரியொன்றைச் செய்தனர். சுமையேற்றுவர், ஒவ்வொரு படியிலும் தொய்வைக் குறிப்பர், ஓரிடத்தில் முறியும். முறிந்த அவ்விடத்தைத் திருத்தி வலுப்படுத்துவர், மீண்டும் சுமையேற்றுவர். இவ்வாறு பலமுறை செய்து, மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றுக்கொன்று ஈடாகும் வரை ஓயவில்லை. 1850ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலம், 1970ஆம் ஆண்டில் தீயினாற் பழுதுறும் வரை 120 ஆண்டுகள் புகைவண்டிகளைத் தாங்கியது. மாதிரியின் ஒவ்வொரு முறிவும் அவர்களுக்கு ஒரு பாடமாயிற்று.

இரண்டாவது, ஸ்கொத்லாந்திலே டண்டி நகருக்கு அருகில் தேய் ஆற்றின் கழிமுகத்தைக் கடந்த நெடும்பாலம். ஏறக்குறைய இரண்டு மைல் நீளம். 1878ஆம் ஆண்டு பெப்புருவரியில் அரசாங்கப் பரிசோதகர் பாரமான புகைவண்டி இயந்திரங்களை அதன்மேல் ஓடவிட்டுப் பரிசோதித்தார். பாலம் அச்சுமையை நன்கு தாங்கிற்று. யூன் மாதத்தில் போக்குவரத்துத் தொடங்கியது. 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் தேதி இரவு, கடும் புயலிலே, பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி முழுவதும் சரிந்து வீழ்ந்தது. அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த புகைவண்டியும் ஆற்றில் மூழ்கியது. அவ்வண்டியில் இருந்தோருள் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை.

விசாரணையில் வெளிவந்தவை பல. மேலிருந்து கீழ் அழுத்தும் சுமைக்கு உரிய பரிசோதனை நடந்தது. பக்கத்திலிருந்து தள்ளும் காற்றின் விசைக்குப் பாலம் அமைக்கப்படவுமில்லை, அவ்விசை பரிசோதிக்கப்படவுமில்லை. நாம் கேட்ட கேள்விக்கே பரிசோதனை விடை தரும். கேளாத கேள்விக்குத் தராது. இஃது ஒரு பாடம். மற்றொன்றும் உண்டு. பாலத்தைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர், தூண்களைக் குறுக்காகப் பிணைத்த இரும்புச் சட்டங்கள் சில தளர்ந்து கடகடவென ஒலிப்பதைக் கேட்டிருந்தார். அவர் மூட்டுக்களில் இரும்புத் துண்டுகளைச் செருகினார். ஒலி அடங்கியது. தளர்ச்சிக்கான காரணமோ அவ்வாறே இருந்தது. எட்டரையை ஏழாக்கிய எங்கள் பையனும் இவரும் செய்தது ஒரே செயல் அன்றோ? ஒருவன் இழந்தது 200 கிராம் மூங்கில். மற்றதன் விலை மனித உயிர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். மாதிரிப் பாலம் தாங்கியது என்பதால், அதே வடிவத்தைப் பெருப்பித்துக் கட்டினால் அதுவும் தாங்கும் எனக் கொள்ளலாகாது. கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனைத் தெளிவாக விளக்கினார். ஒரு பாலத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பத்து மடங்காக்கினால், அதன் நிறை ஆயிரம் மடங்காகும். நிறையைத் தாங்கும் சட்டங்களின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கே ஆகும். ஆகவே ஒவ்வொரு சட்டமும் பத்து மடங்கு வருந்தும். எங்கள் பிள்ளைகளின் பாலம் தன் நிறையைப் போல ஐம்பது மடங்கைத் தாங்கியது. பெரும்பாலங்களுக்கு அது இயலாது. எறும்பு சுமப்பதைக் கண்டு யானையிடம் அதனை எதிர்பார்த்தல் தகாது. மாதிரியிலிருந்து நாம் கற்பது அளக்கும் முறையையும், அளவை நம்பும் ஒழுக்கத்தையுமே.

அந்த ஒழுக்கம் பயன்பட்ட கதையோடு முடிக்கின்றேன்.

எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் பாதிப்பேர் ஒரு வாய்க்காலைக் கடந்து வருவர். அதன் குறுக்கே இரு தென்னங்குற்றிகளை இட்டு, மேலே பலகை அறைந்த நடைபாலம் ஒன்று இருந்தது. நீளம் 5 மீற்றர். மாரியில் வாய்க்கால் கரைபுரண்டு ஓடும். அப்பாலம் பழுதடைந்துள்ளது என்று உரிய இடத்துக்கு நான் இருமுறை கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அக்கடிதங்களை இன்று மீண்டும் படித்துப் பார்க்கும்போது, அவற்றில் உரிச்சொற்கள் நிறைய இருந்தமையும், ஓர் எண்ணேனும் இல்லாமையும் தெரிகின்றன.

நூலும் அளவுகோலும் கொண்டு அப்பாலத்தை அளந்து பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்டனர். ஒரு பிள்ளையேனும் பாலத்தின்மேல் நிற்கலாகாது என்னும் நிபந்தனையோடு இணங்கினேன். மழையில்லாத காலம், வாய்க்காலில் முழங்காலளவு நீரே இருந்தது. இரு குற்றிகளுக்கும் தனித்தனியே நூல் கட்டினர். தலா 25 கிலோ கொண்ட மணற் சாக்குகளைப் பெற்றோர் இருவர் கரையிலிருந்து பலகை வழியே நடுவுக்குத் தள்ளினர். எட்டுச் சாக்குகள், 200 கிலோ. ஒரு குற்றி 9 மில்லிமீற்றர் தொய்ந்தது. மற்றது 17 மில்லிமீற்றர் தொய்ந்தது. சுமையை நீக்கியபோது முதலாவது குற்றி ஏறக்குறைய முற்றாக மீண்டது. இரண்டாவது 5 மில்லிமீற்றர் மீளாமலே நின்றது. மறுநாட் காலையில் பார்த்தபோதும் அது மீண்டிருக்கவில்லை.

அளவுகோலைப் பார்த்தவன், முன்னர் எட்டரையை ஏழாக்கிய அதே மாணவன். நான் கரையில் நின்று கொப்பியில் எழுதினேன். ஓரளவைச் சொல்லும்போது சற்றுத் தயங்கினான். "சேர், இந்தப் புள்ளி கோட்டில் வராது போலிருக்கிறது" என்றான். "நீ கண்டது என்ன, தம்பி?" என்றேன். "பதினேழு" என்றான். "பதினேழு என்றே எழுதுகிறேன்" என்றேன். எங்கள் இருவர்க்கும் அப்போது வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை.

அவ்வளவுகளை அட்டவணையாக்கி, வரைபையும் இணைத்து மூன்றாம் கடிதத்தை அனுப்பினோம். இரண்டு கிழமைக்குள் ஓர் உத்தியோகத்தர் வந்தார். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, இரண்டாவது குற்றியின் அடிப்புறத்தில் ஓர் இரும்புக் கம்பியை அழுத்தினார். கம்பி எதிர்ப்பின்றி உள்ளே சென்றது. மேலே திடமாகத் தோன்றிய குற்றியின் அடி உக்கிப் போயிருந்தது. அன்று மாலையே பாலத்தின் இரு முனைகளும் அடைக்கப்பட்டன.

அதன் பின்னர் எல்லாம் இனிதாக நடந்தது என்று நான் கூறமாட்டேன். புதிய பாலம் வருவதற்கு நான்கு மாதஞ் சென்றது. அதுவரை பிள்ளைகள் ஒன்றரை மைல் சுற்றி நடந்தனர். "நன்றாக இருந்த பாலத்தை அளந்து அளந்து மூடிவிட்டீர்களே" என்று ஒரு தாயார் பாடசாலை வாசலில் நின்று என்னை ஏசினார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டாகவில்லை. இரண்டு சிறு பிள்ளைகளை வெயிலில் நடத்திக் கூட்டிவந்த களைப்பு அவருக்கு. ஆனால் மாரி வந்து வாய்க்கால் நிறைந்து ஓடிய நாளிலே, அடைக்கப்பட்டுக் கிடந்த பழைய பாலத்தை அவரும் நானும் கரையில் நின்று பார்த்தோம். உக்கிய குற்றி நடுவில் முறிந்து நீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமற் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாதிரிப் பாலப் போட்டி எங்கள் பாடசாலையில் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. விதி மட்டும் மாறிவிட்டது. ஐந்து கிலோச் சுமையிற் குறைவாகத் தொய்ந்து, சுமை நீங்கியதும் நன்கு மீளும் பாலத்துக்கு ஒரு பரிசு. திருத்தமின்றி, அழிப்பின்றி, கண்டதைக் கண்டவாறு எழுதிய கொப்பிக்கு மற்றொரு பரிசு. இரண்டாவது பரிசு, முறிந்துபோன பாலத்தின் சொந்தக்காரருக்கும் கிடைக்கலாம். சில ஆண்டுகளிற் கிடைத்தும் இருக்கின்றது. அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவி இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்கின்றாள். சென்ற போட்டிக்கு நடுவராக அவளையே அழைத்தோம். பரிசு பெற்ற கொப்பியொன்றை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் ஒரு சிறு பிள்ளை இவ்வாறு எழுதியிருந்தது: "ஆறாவது கிலோவில் நான் நினைத்ததைவிட மூன்று மில்லிமீற்றர் கூட வந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஆகையால் ஏழாவது கிலோவை இடவில்லை."

நேயர்களே, உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு வாய்க்காலின்மேல் ஒரு நடைபாலம் இருக்கும். அதன்மேல் நாள்தோறும் பிள்ளைகள் நடந்து செல்வர். ஒரு முழ நூலும் ஓர் அடிமட்டமும் எவர் வீட்டிலும் உண்டு. பொறுப்புள்ள பெரியோர் துணையோடு ஒருமுறை அளந்து பாருங்கள். சென்ற ஆண்டின் அளவோடு இந்த ஆண்டின் அளவை ஒப்பிடுங்கள். கண்டதை அவ்வாறே எழுதி உரியவர்களுக்கு அனுப்புங்கள். முறியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.